உறை ஊற்றிய சட்டியை அசைக்காதீர்கள்: ஓயாமல் ஓடுபவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு நாள் மத்தியானம், மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினியில் சோறு சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழும்பியபோது அம்மா கேட்டார்: "என்ன மீன் மகள் இன்றைக்கு?" தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் முள் ஒதுங்கிக் கிடந்தது. ஓராவா, கொடுவாவா என்று சொல்லத் தெரியவில்லை. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஐந்து நிமிடத்துக்கு முன் வாயில் போட்ட மீன் எது என்று தெரியாமல் நின்றேன். சாப்பிட்ட நேரம் முழுவதும் தலைக்குள் மாலை வகுப்புக்கு அச்சடிக்க வேண்டிய வினாத்தாளும் சீமெந்து மூட்டைக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கணித ஆசிரியை. அந்த நாட்களில் பகலில் பாடசாலை, மாலையில் மூன்று இடங்களில் மேலதிக வகுப்பு, சனி ஞாயிறு காலை முதல் இரவு வரை இன்னும் வகுப்பு. மூத்தவளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் நம் பகுதியில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக் கணக்கும் கூடவே பிறந்துவிடுகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து நான் செய்து பார்த்தவற்றில் பயன் தந்தவற்றை, இன்றே தொடங்க நினைக்கும் ஒருவருக்கு ஏற்ற ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

வேலையை விட்டுவிடச் சொல்லப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். நான் இன்றும் கற்பிக்கிறேன். வகுப்புகள் குறைந்திருக்கின்றன, நின்றுவிடவில்லை. வேலை அதன் பாட்டில் இருக்கட்டும். அதன்மேல் நாமாக ஏற்றி வைத்த பதற்றம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் இறக்கப் போகிறோம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறிய காரியம் எப்படிச் சிதறும் என்பதை நான் என் வினாத்தாள்களிலேயே கண்டேன். விடைத்தாளில் கூட்டல் பிழை விட்ட கணித ஆசிரியையாக ஒரு தவணை முழுவதும் இருந்தேன். பிள்ளைகள் கொண்டுவந்து காட்டித்தான் திருத்தினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், தீராத வேலை அழுத்தத்தால் ஒரு மனிதர் எரிந்து தீர்ந்துபோகும் நிலை விவரிக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு நோய் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை, தொழிலோடு சேர்ந்து வரும் நிலை என்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போன உணர்வு, செய்யும் தொழிலில் மனம் ஒட்டாமை, திறமை குறைந்துபோதல். மூன்றாவதைக் கவனியுங்கள். கூடுதலாக ஓடியவருடைய திறமைதான் அங்கே குறைகிறது.

முதலாவது: ஏழு நாட்களுக்கு ஒரு கொப்பி

நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். ஏழு நாட்களுக்கு எதையும் மாற்றாதீர்கள். யாரும் துரத்தாதபோதும் நீங்கள் அவசரப்பட்ட நேரங்களை மட்டும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, உடம்பில் என்ன நடந்தது, அவ்வளவுதான்.

என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்தவை இவை. காலை 5.40, அடுப்படி, பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய் துருவினேன். 7.10, பஸ் தரிப்பிடம், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே மூச்சை அடக்கி வைத்திருந்தேன். 1.50, நின்றுகொண்டே சாப்பிட்டேன். இரவு 9.30, மகள் ஏதோ சொன்னாள், "சரி சரி" என்றேன், என்ன சொன்னாள் என்று நினைவில்லை.

ஏழாம் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக வாசித்தபோது ஒன்று விளங்கியது. அந்தக் குறிப்புகளில் பாதிக்குமேல் அவசரமே இல்லாத இடங்கள். நான் பல்லைக் கடித்ததால் தேங்காய் விரைவாகத் துருவப்படவில்லை. மூச்சை அடக்கியதால் பஸ் முன்கூட்டி வந்துவிடவுமில்லை. முதலில் இறக்கி வைக்க வேண்டியது இந்தப் பாதியைத்தான். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, வருமானத்தில் ஒரு சதமும் குறையாது.

இரண்டாவது: எனது பங்கு, எனதல்லாத பங்கு

நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தயிர் உறைய வைப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எருமைப் பாலைக் காய்ச்சுவார். ஆடை படியும்வரை ஆற விடுவார். சின்ன விரலை விட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் மண்சட்டியில் ஊற்றி, முதல் நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாகக் கலப்பார். பிறகு சட்டியைக் குசினி மூலையில் வைத்து மூடிவிடுவார். அதோடு அவருடைய வேலை முடிந்தது. நான் மூடியைத் திறந்து பார்க்கப் போவேன். "அசைக்காதே மகள், அசைத்தால் தண்ணீர் விட்டுப்போகும்" என்பார். இரவில் அவர் நிம்மதியாகத் தூங்குவார். பாலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். விடியும்போது, கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்தில் தயிர் இருக்கும்.

பாலைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவருவது அம்மாவின் பங்கு. உறையவைப்பது அம்மாவின் பங்கில்லை. எல்லா வேலையிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பாலும் உழைத்துக்கொண்டிருப்பதைத்தான் நாம் பெரும்பாலும் முயற்சி என்று நினைத்துக்கொள்கிறோம்.

கோட்டைத் தாண்டி உழைத்தால் என்ன நடக்கும் என்பதை அப்பாவின் வயலில் பார்த்தேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அவருக்கு மூன்று ஏக்கர். மாரிமழைக்கு விதைத்து, மாசி பங்குனியில் அறுவடை. ஒரு வருடம் பக்கத்து வயல்காரர், கூட விளைய வேண்டும் என்ற ஆசையில் யூரியாவைச் சொன்ன அளவுக்கு மேல் வீசினார். பயிர் கரும்பச்சையாகத் தழைத்தது. வரம்பில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு மென்மையாகி உயரும், இலை சாறு கட்டும், பூச்சிக்கு அதுதான் விருந்து. அறக்கொட்டியான் என்ற பூச்சி விழுந்து வட்டம் வட்டமாக எரிந்ததுபோலக் காய்ந்தது. மிஞ்சியது கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றோடு சாய்ந்து படுத்தது. அப்பா அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை. "அவன் பயிரின் வேலையையும் தானே செய்யப் பார்த்தான்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது உங்கள் கொப்பியில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இப்போது உங்களை அதிகமாக வருத்தும் காரியம் ஒன்றை மேலே எழுதுங்கள். இடது பக்கம் உங்கள் கையால் செய்யக்கூடியவை, வலது பக்கம் உங்கள் கையில் இல்லாதவை. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், நேரத்துக்குச் சாப்பாடு, படிக்க அமைதியான இடம், விளங்காத பாடத்துக்கு ஓர் ஆசிரியர், தூக்கம் ஆகியவை இடது பக்கம். எந்தக் கேள்வி வரும், பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி எவ்வளவு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பவை வலது பக்கம். இடது பக்கத்தில் உள்ளதைச் செய்துவிட்டு மூடியைப் போட்டுவிடுங்கள். வலது பக்கத்தைப் பற்றிப் பிள்ளையிடம் ஒரு நாளில் எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சட்டியை அசைக்கிறீர்கள்.

மூன்றாவது: போதும் என்று ஒரு கோடு

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1956 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பின்னர் 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். மனிதர்களால் எல்லாத் தெரிவுகளையும் அளந்து பார்த்து ஆகச் சிறந்ததைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு நேரமும் இல்லை மூளையும் இல்லை, ஆகவே தேவைக்குப் போதுமான ஓர் அளவை முதலில் வைத்துக்கொண்டு அதை எட்டும் முதல் தெரிவோடு நின்றுவிடுகிறார்கள் என்றார். இதில் "முதலில்" என்ற சொல் முக்கியம். அளவை முன்கூட்டி வைக்க வேண்டும். வேலை நடக்கும்போது வைத்தால், அது அடுத்த வீட்டுக் கூரையைப் பார்த்து உயர்ந்துகொண்டே போகும்.

எங்கள் வீட்டு விடயத்தில் அதுதான் நடந்தது. இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் குசினியும் என்று தொடங்கினோம். அடுத்த ஒழுங்கையில் ஒருவர் மாடி எழுப்பினார். எங்களுக்கும் மாடி வேண்டியதாயிற்று. பிறகு தரைக்கு மாபிள், பிறகு மதிலுக்கு வளைவு. என் கணவர் மத்திய கிழக்குக்கு இரண்டாம் தடவை போவதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த இரவில், மூத்தவள் வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தாள். "எனக்கு மாடி வேண்டாம் அப்பா, நீங்கள் இருந்தால் போதும்" என்றாள். நாங்கள் அவளிடம் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

அன்றிரவே ஒரு தாளில் எழுதினோம்: கீழ்த்தளம், உட்பூச்சு, மலசலகூடம், மின்சாரம். இதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உள்ளவை பிறகு, வசதி வந்தால். அந்தத் தாளை இருவரும் ஒப்பமிட்டு அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம். வெளிப்பூச்சு இன்றும் பூசப்படவில்லை.

1971 இல் பிலிப் பிறிக்மன், டொனால்ட் கம்பெல் என்ற இரு உளவியலாளர்கள், மனிதர்கள் கிடைத்ததற்குப் பழகிப்போய் மறுபடி பழைய மனநிலைக்கே திரும்பிவிடுவதை, நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் இயந்திரத்துக்கு ஒப்பிட்டார்கள். மாடி கட்டி முடித்திருந்தால் அதற்கும் பழகியிருப்போம் என்றே இப்போது நினைக்கிறேன்.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிழமைதோறும் நுண்கடன் தவணை கட்டுகிறவரிடமும், நாட்கூலி கிடைக்காவிட்டால் அன்று அடுப்பு எரியாது என்ற வீட்டிலும் போய் "போதும் என்று நினையுங்கள்" என்று சொல்வது அநியாயம். அங்கே போதாது என்பதே உண்மை. அப்படி உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள். கடனைக் கட்டும் வழியைத் தேடுவது உங்கள் பங்கு. அந்தக் கடனுக்காக உங்களை நீங்களே இரவு முழுவதும் ஏசிக்கொண்டிருப்பது யாருடைய தவணையையும் கட்டாது. உங்களுக்கு அடுத்த பகுதி உதவும்.

நான்காவது: உடம்பிலிருந்து தொடங்குங்கள்

மனதிடம் "அமைதியாக இரு" என்று சொன்னால் அது கேட்பதில்லை. உடம்பு கேட்கும். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது, உள்ளே இழுக்கும்போது சற்றுக் கூடுகிறது. இது எல்லாருடைய உடம்பிலும் நடக்கும் இயற்கையான ஏற்ற இறக்கம். எனவே வெளிமூச்சை நீட்டினால் உடம்பு தணியும். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு அல்லது ஏழு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். பஸ் தரிப்பிடத்தில் செய்யலாம், அடுப்படியில் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் விரிவாக எழுதிய முறை. தசையை முதலில் வேண்டுமென்றே இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துவது. நமக்கு வசதியான இடம் பாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பாயை விரித்து மல்லாந்து படுத்து, பாதத்தை ஐந்து எண்ணும்வரை இறுக்கி விடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள், கடைசியில் தாடை. தாடையை விடும்போதுதான் அது அதுவரை எவ்வளவு இறுகியிருந்தது என்று தெரியும். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பதினைந்து நிமிடமாவது ஒட்டிக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. உத்தியோகத்தில் இருப்பவர்கள் கதிரையில் உட்கார்ந்தபடி தோளையும் தாடையையும் மட்டும் செய்யலாம்.

ஐந்தாவது: நோக்கம் இல்லாமல் பத்து நிமிடம்

இதுதான் மிகக் கடினம். ஆகவே இதை முதலிலேயே முயன்று தோற்றுப்போகாதீர்கள். மேலே சொன்னவற்றில் இரண்டு கிழமை பழகிய பிறகு வாருங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம், ஒரே இடத்தில், எதற்காகவும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் தெரிவு செய்த இடம் கல்லடிப் பழைய பாலம். 1924 இல் கட்டப்பட்டது, அக்கால ஆளுநரின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபிறகு கனரக வாகனங்களின் நெரிசல் அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய பாலத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கீழே வாவி, வீச்சுவலை எறிபவர்கள், புளியந்தீவுப் பக்கம் சாயும் வெளிச்சம். உங்களுக்கு அது கல்முனைக் கடற்கரையாக இருக்கலாம், திருக்கோவில் ஆலய வீதியாக இருக்கலாம், வீட்டு முற்றத்து மாமரத்தடியாகவும் இருக்கலாம். கைத்தொலைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். நடைப்பயிற்சியாகவும் இதை மாற்றாதீர்கள், எத்தனை அடி நடந்தோம் என்ற எண்ணிக்கை உள்ளே வந்துவிடும்.

முதல் மூன்று நாட்கள் கை தானாகவே தொலைபேசியைத் தேடும். நான்காம் ஐந்தாம் நாள் காரணம் தெரியாமல் எரிச்சல் வரும், சிலருக்கு அழுகை வரும். எனக்கு அழுகை வந்தது. பாலத்தில் போனவர்கள் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பத்து நாட்கள் போல ஆனபிறகு ஒரு மாலை, வலை தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பத்து நாட்களும் அதே இடத்தில் வலை விழுந்துகொண்டுதான் இருந்தது. இந்த வாவிக்குள் ஒலிப்பதாகச் சொல்லப்படும் பாடும் மீனைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தோணியில் போவார்கள். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைப்பார்கள். துடுப்பு வலித்துக்கொண்டே அதைக் கேட்க முடியாது.

எங்கள் பகுதியில் இந்தப் படி ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு ஓய்வு என்பது ஆபத்தான நேரம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. யுத்தம் நடந்த வருடங்களில் அயர்ந்து தூங்குவது தவறாக இருந்தது. காலணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் நாம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமி விடுமுறையான போயா தினம். எல்லாரும் வீட்டில் ஆறுதலாக இருந்த காலையில்தான் கடல் வந்தது. அதைக் கண்ட உடம்பு, "சும்மா இருந்தால் ஏதோ நடக்கும்" என்று மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறது. அது முட்டாள்தனமான எண்ணம் இல்லை. ஒரு காலத்தில் அதுதான் பலரை உயிரோடு வைத்தது. ஓய்ந்து இருக்கும்போது நெஞ்சு படபடத்தால் உங்களை நீங்கள் கடிந்துகொள்ளாதீர்கள்.

அப்படிப்பட்டவர்கள் இதைச் சற்று மாற்றிச் செய்யுங்கள். கண்ணை மூட வேண்டாம். முதுகுக்குச் சுவர் இருக்கும் இடமாக, வாசல் தெரியும்படி உட்காருங்கள். கடலைப் பார்க்க முடியாதவர்கள் கடற்கரைக்குப் போகத் தேவையே இல்லை. தனியாக இருக்க முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரோடு பேசாமல் உட்காருங்கள். பத்து நிமிடம் நீளமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள். கையில் ஒரு சின்ன வேலை, பூத் தொடுப்பதோ கீரை ஆய்வதோ, இருந்தால் சிலருக்கு எளிதாக இருக்கிறது.

ஆறாவது: வீட்டில் யார் இளைப்பாறுகிறார்?

ஆண்களே, இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். பாலத்தில் நின்று காற்று வாங்கிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வரும்போது தேநீர் தயாராக இருக்கிறது என்றால், உங்கள் ஆறுதலை வேறொருவர் அடுப்படியில் நின்று உழைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டில் ஒருவர் ஓய மற்றவர் இரட்டிப்பாக ஓடுவதை நான் ஆறுதல் என்று ஏற்கமாட்டேன்.

எங்கள் வீட்டில் செய்தது இதுதான்: வீட்டு வேலைகள் எல்லாவற்றையும், குப்பை கூட்டுவதிலிருந்து மாமியின் மருந்து எடுத்துக் கொடுப்பதுவரை, ஒரு தாளில் எழுதினோம். முப்பத்தேழு வந்தது. அதில் இருபத்தொன்பதுக்கு எதிரே என் பெயர். கணவரும் இளையவளும் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இரவுச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. புட்டு சில நாட்களில் கட்டியாக இருக்கும். அதை நான் திருத்தப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தால் வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.

மறுப்புச் சொல்வதற்கும் ஒரு வாக்கியம் ஆயத்தமாக இருக்கட்டும். நான் சொல்வது: "இந்த மாதம் என்னால் ஏலாது, வேறு யாரையாவது பாருங்கள்." காரணம் சொல்லத் தொடங்கினால் அதற்குத் தீர்வும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஏழாவது: படுக்கும் முன் ஐந்து நிமிடம்

இரவு படுக்கையில் நாளைய வேலைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவற்றைத் தாளில் எழுதிவிடுங்கள். 2018 இல் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்கலின் என்பவரும் குழுவினரும் 57 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதினால் இன்னும் நல்லது. "வங்கி" என்று எழுதுவதைவிட "காலை ஒன்பதரைக்கு வங்கி, அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும்" என்று எழுதுங்கள். பிறகு கொப்பியை வேறு அறையில் வையுங்கள்.

எட்டாவது: பருவத்தோடு போங்கள்

வருடம் முழுவதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணுக்குச் சொந்தமானதில்லை. மாரியில் வயலுக்கு வேலை. கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் மத்தியானம் யாரும் வெளியில் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் காத்தான்குடியில் கடைக் கதவுகள் சாத்தப்படுகின்றன, வியாபாரம் காத்திருக்கிறது. வைகாசியில் செட்டிபாளையம், தம்பிலுவில், காரைதீவு என்று ஊர் ஊராகக் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடக்கிறது. அதன் உச்சம் குளிர்த்தி. மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளைப் பாட்டுப் பாடி, தண்ணீர் தெளித்து ஆற்றுகிறார்கள். தெய்வமே ஆனாலும் சூடு தானாகத் தணிந்துவிடாது, யாராவது குளிர்விக்க வேண்டும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அதற்கென்று நாள் குறித்து, கதவு திறந்து, ஊரே கூடிச் செய்கிறார்கள்.

உங்கள் வருடத்தையும் அப்படிப் பாருங்கள். எந்த மாதங்கள் தவிர்க்க முடியாத வேலை மாதங்கள் என்று நாட்காட்டியில் குறியுங்கள். அவற்றில் ஓடுங்கள், மனதார ஓடுங்கள். அது முடிந்த அடுத்த இரண்டு கிழமைகளில் புதிதாக எதையும் ஏற்காதீர்கள். அந்த நாட்களையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். குறிக்காத ஓய்வை யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள்.

இவை போதாதபோது

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் விருப்பம் இல்லை, உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது என்றால், கொப்பியையும் மூச்சுப் பயிற்சியையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி. போனால் ஊர் என்ன சொல்லும் என்று நானும் தயங்கினேன், பிறகு போனேன். மருந்துச் சிட்டையோடு வெளியே வந்தபோது வாசலில் தெரிந்தவர் ஒருவர் நின்றார். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார்.

மறுபடி ஓடத் தொடங்கினால்

தொடங்குவீர்கள். கடந்த உயர்தரப் பரீட்சை நெருங்கிய காலத்தில், "இந்த ஒரு மாதம் மட்டும்" என்று இரண்டு வகுப்புகளைக் கூட்டினேன். மூன்றாம் கிழமையில் மறுபடியும் நின்றுகொண்டு சாப்பிட்டேன். அப்போது எட்டுப் படிகளையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அதுவே இன்னொரு ஓட்டமாகிவிடும். கொப்பியை எடுத்து முதல் படிக்கு மட்டும் திரும்புங்கள். இந்த முறை ஏழு நாட்கள் தேவையில்லை, மூன்று நாட்கள் எழுதினால் போதும். நான் மூன்றாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா கேட்கும் முன்பே சொன்னேன், கொடுவா என்று.